வீட்டு ஸ்மார்ட் கருவிகள் யாரோடு பேசுகின்றன: ராஸ்பெர்ரி பையில் ஒரு கண்காணிப்பு நிலையம்

வைஃபை பல்பு, பிளக், கேமரா, ஸ்பீக்கர், டிவி என்று ஒரு வீட்டில் எட்டுப் பத்துக் கருவிகள் சேர்ந்துவிட்டால், வீட்டில் யாரும் எதையும் தொடாத நேரத்திலும் இணைப்பு ஓய்வதில்லை. எந்தக் கருவி, எந்த சர்வரோடு, எப்போது, எவ்வளவு பேசுகிறது என்று பார்க்க விலை உயர்ந்த மென்பொருள் எதுவும் வேண்டாம். ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி ஒன்று, அதில் பெயர்க் கேள்விகளைப் பதிவு செய்யும் பை-ஹோல், ட்ராஃபிக்கின் அளவை எண்ணும் என்டாப்-என்ஜி, கணினியில் பேக்கெட்டுகளை (தரவுத் துண்டுகளை) பிடித்துக் காட்டும் வயர்ஷார்க். இவ்வளவுதான். மென்பொருளை நிறுவுவது இதில் சுலபமான பாதி. அதை நெட்வொர்க்கில் எந்த இடத்தில் நிறுத்துகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எதைப் பார்க்க முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். இன்றைய கருவிகளில் பெரும்பாலானவை டிஎல்எஸ் மறையாக்கத்தில் பேசுகின்றன. உள்ளே போகும் வார்த்தையோ படமோ நமக்குத் தெரியாது. முகவரி, நேரம், அளவு என்ற மூன்றும் தெரியும். நள்ளிரவில் யாரும் ஆப்பைத் திறக்காதபோது ஒரு கேமரா மணிக்கு 600 எம்பி வெளியே அனுப்பினால், போவது வீடியோதான் என்று சொல்ல மறையாக்கத்தை உடைக்க வேண்டியதில்லை. 2019-இல் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகமும் லண்டன் இம்பீரியல் கல்லூரியும் சேர்ந்து 81 கருவிகளைச் சோதித்தபோது, அவற்றில் 72 கருவிகள் தயாரிப்பாளர் அல்லாத ஏதாவது ஒரு சர்வரோடாவது பேசின. அந்த முடிவுக்கு வர அவர்கள் பயன்படுத்தியதில் பெரும்பகுதி இந்த மூன்று தகவல்தான்.

எங்கே நின்று பார்ப்பது

லேப்டாப்பில் வயர்ஷார்க்கை நிறுவி, வைஃபை இன்டர்ஃபேஸைத் தேர்ந்தெடுத்து, பல்பின் பேக்கெட் வரும் என்று காத்திருந்தால் வராது. வயர்ஷார்க்கில் கோளாறு எதுவும் இல்லை. டபிள்யூபிஏ2 வைஃபையில் ஒவ்வொரு கருவிக்கும் தனிச் சாவி உண்டு. கேபிளில் வந்தாலும், எந்த போர்ட்டுக்கு உரிய பேக்கெட்டோ அந்த போர்ட்டுக்குத்தான் சுவிட்ச் அனுப்பும். உங்கள் லேப்டாப்புக்கு அதன் சொந்தப் பேச்சும் எல்லோருக்குமான பிராட்காஸ்ட்டும் மட்டுமே கேட்கும்.

எதையும் மாற்றியமைக்காமல் ஒரு மாலையில் பார்த்துவிட வேண்டுமென்றால் ஐஓடி இன்ஸ்பெக்டர் நல்ல வழி. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட திறந்தமூல மென்பொருள் இது. விண்டோஸில் இதற்கு பேக்கெட் பிடிக்கும் டிரைவரான என்பிகேப் வேண்டும், வயர்ஷார்க்கை நிறுவும்போதே அதுவும் வந்துவிடும். இது ஏஆர்பி ஸ்பூஃபிங் முறையில் வேலை செய்கிறது. கருவியிடம் “நான்தான் ரூட்டர்” என்றும், ரூட்டரிடம் “நான்தான் அந்தக் கருவி” என்றும் சொல்லி, நடுவில் நின்று பேக்கெட்டுகளைக் கடத்திவிடும். இதனால் சில சிக்கல்களும் உண்டு. எல்லாக் கருவிகளையும் ஒரே நேரத்தில் டிக் செய்தால் மொத்த வீட்டு ட்ராஃபிக்கும் உங்கள் லேப்டாப் வழியாகத் திரும்பி இணைப்பே மந்தமாகிவிடும். இரண்டு மூன்று கருவிகளாகப் பாருங்கள். கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதைத் தடுக்கும் கிளையன்ட் ஐசொலேஷன் ரூட்டரில் இயங்கினால் அல்லது நீங்கள் கெஸ்ட் வைஃபையில் இருந்தால் ஒன்றுமே தெரியாது. மென்பொருளை முறையாக நிறுத்தாமல் லேப்டாப் மூடியை மட்டும் சாத்தினால், கண்காணித்துக்கொண்டிருந்த கருவிகள் பழைய ஏஆர்பி பதிவு காலாவதியாகும் வரை இணைப்பில்லாமல் தவிக்கும். நிரந்தரமாக ஓட விடுவதற்கு உகந்த முறை இதுவல்ல.

பை-ஹோலை மட்டும் வைத்துக்கொண்டு “கண்காணிக்கிறேன்” என்று நினைப்பவர்கள் ஏராளம். பை-ஹோல் ஒரு டிஎன்எஸ் சர்வர், அதாவது ஒரு பெயருக்கு உரிய ஐபி முகவரியைத் தேடித் தருவது. பெயரைக் கேட்டவர் யார் என்பது அதற்குத் தெரியும். கேட்டபின் அந்த சர்வருக்கு ஒரு கேபி போனதா, ஒரு ஜிபி போனதா என்பது தெரியாது. ஐபி முகவரியைத் தன் உள் மென்பொருளான ஃபர்ம்வேரிலேயே பதித்து வைத்திருக்கும் கருவி அதன் லாகில் (பதிவேட்டில்) வராது. கூகுளின் டிஎன்எஸ்ஸான 8.8.8.8-ஐ நேரே கேட்கும் கருவியும் வராது. மலிவு விலைக் கேமராக்களில் இப்படிப்பட்டவை அதிகம் என்பதால், எதைப் பார்க்க வேண்டுமோ அதுவே விட்டுப்போகும்.

ஆகவே கருவிகளுக்கும் ரூட்டருக்கும் இடையில் பையையே வழியாக வைத்துவிடுவதுதான் உறுதியான ஏற்பாடு. பை ஒரு தனி வைஃபை ஹாட்ஸ்பாட்டை ஏற்றும், ஸ்மார்ட் கருவிகள் எல்லாம் அதில் சேரும், பை கேபிள் வழியாக ரூட்டருக்குப் போகும். மொபைல்களும் லேப்டாப்களும் பழைய வைஃபையிலேயே இருக்கும். இதில் இன்னொரு நன்மை: உங்கள் மனைவியோ கணவரோ பிள்ளைகளோ எந்தத் தளத்துக்குப் போனார்கள் என்பது உங்கள் லாகில் விழாது. அது விழக்கூடாது என்பதை முதல் நாளிலேயே முடிவு செய்து அமைத்துவிட வேண்டும்.

தேவையானவை

ராஸ்பெர்ரி பை 4, 2 ஜிபி போதும், என்டாப்-என்ஜி நிம்மதியாக ஓட 4 ஜிபி நல்லது. 32 ஜிபி மெமரி கார்டு ஒன்று. 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர். இதை மட்டும் பழைய மொபைல் சார்ஜரால் ஒப்பேற்ற வேண்டாம், வோல்டேஜ் சற்றே இறங்கினாலும் பை தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், கார்டும் சீக்கிரம் கெடும். ஒரு லேன் கேபிள். ஜீரோ 2 டபிள்யூ மலிவுதான், ஆனால் அதில் லேன் போர்ட் கிடையாது. பை-ஹோலுக்கு மட்டும் போதும், இந்த ஏற்பாட்டுக்கு ஆகாது.

டிவிக்காகத் தனியாக, ஒரு போர்ட்டின் ட்ராஃபிக்கை இன்னொரு போர்ட்டுக்கு நகலெடுக்கும் போர்ட் மிரரிங் வசதியுள்ள 5 போர்ட் சுவிட்ச் ஒன்று வேண்டும். டிபி-லிங்க்கின் டிஎல்-எஸ்ஜி105ஈ போன்றது. பெயரின் கடைசியில் வரும் அந்த “ஈ” முக்கியம், அது இல்லாத மாடலில் மிரரிங் இல்லை.

ஹாட்ஸ்பாட்

ராஸ்பெர்ரி பை இமேஜரில் 64-பிட் டெஸ்க்டாப் பதிப்பைக் கார்டில் எழுதும்போது வைஃபை பெயர், பாஸ்வேர்டு கேட்கும் இடத்தைக் காலியாக விடுங்கள். பையின் வைஃபை இனி ஹாட்ஸ்பாட்டுக்கு மட்டும். ஆனால் நாடு எது என்று பைக்குத் தெரியாவிட்டால் வைஃபையே பூட்டிக் கிடக்கும். அதனால் முதல் முறை இயக்கியதும் அமைப்புகளில் லோக்கலைசேஷனுக்குப் போய் வயர்லெஸ் நாட்டைத் தேர்ந்தெடுங்கள். ரூட்டரில் முகவரி வழங்குவதற்கான டிஎச்சிபி பக்கத்தில் பையின் லேன் போர்ட்டுக்கு நிலையான முகவரி ஒன்றை ஒதுக்குங்கள், 192.168.1.50 என்று வைத்துக்கொள்வோம்.

திரையின் மேல் வலது மூலையில் உள்ள நெட்வொர்க் குறியைச் சொடுக்கி, அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் ஹாட்ஸ்பாட் உருவாக்கும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்ததும் ஹாட்ஸ்பாட் எழுந்துவிடும். அதன் பின்னால் இருக்கும் நெட்வொர்க் 10.42.0.0/24, பையின் முகவரி 10.42.0.1. அதோடு விட்டுவிடாமல் இணைப்புகளைத் திருத்தும் சாளரத்தைத் திறந்து மேலும் சில மாற்றங்களைச் செய்ய வேண்டும். “தானாக இணை” என்பதை டிக் செய்யுங்கள். இயல்பாக அது அணைந்திருக்கும், ஒரு கரண்ட் கட்டுக்குப் பிறகு பை எழுந்தாலும் ஹாட்ஸ்பாட் எழாது. பேண்டை 2.4 கிகாஹெர்ட்ஸாக மாற்றுங்கள், பல்பு, பிளக் வகையறாக்களுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் தெரியவே தெரியாது. சேனலாக 1, 6, 11 ஆகியவற்றில் ரூட்டர் பயன்படுத்தாத ஒன்றைக் கொடுங்கள். புதிய வகை இணைய முகவரியான ஐபிவி6-ஐ முற்றிலும் முடக்குங்கள்.

ஐபிவி6 பற்றி ஒரு வார்த்தை. இந்தியாவில் பல பிராட்பேண்ட் இணைப்புகளில் ஐபிவி6 இயல்பாகவே வருகிறது. ரூட்டரில் பை-ஹோலின் ஐபிவி4 முகவரியைக் கவனமாகப் போட்டுவிட்டு, ரூட்டர் தன் சொந்த ஐபிவி6 டிஎன்எஸ் முகவரியையும் கூடவே விளம்பரம் செய்வதைக் கவனிக்காமல் விட்டால், கருவிகள் அதையே கேட்டுக்கொண்டு போய்விடும். “பை-ஹோல் போட்டேன், பாதி ட்ராஃபிக் லாகிலேயே இல்லை” என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். தனி ஹாட்ஸ்பாட்டில் ஐபிவி6-ஐ அணைத்துவிட்டால் பிரச்சினை அடியோடு போய்விடும்.

இருக்கிற பத்துக் கருவிகளையும் ஒவ்வொன்றாக ரீசெட் செய்து புது வைஃபையில் சேர்ப்பது பெரிய வேலை. அதைத் தவிர்க்கலாம். முதலில் ரூட்டரின் வைஃபை பெயரை மாற்றுங்கள், பிறகு பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் பையின் ஹாட்ஸ்பாட்டுக்குக் கொடுங்கள். கருவிகள் தாமாகவே அதில் வந்து ஒட்டிக்கொள்ளும். மொபைல்களும் அப்படியே வந்துவிடும், அவற்றில் மட்டும் பழைய பெயரை “மற”க்கச் செய்து புதுப் பெயரில் இணையுங்கள்.

பெயர் தெரிந்தும் ஏதாவது பல்பு சேர மறுத்தால் பாதுகாப்பு முறையைப் பாருங்கள். பல பழைய கருவிகளுக்கு டபிள்யூபிஏ3 புரியாது. நிர்வாகச் சட்டகப் பாதுகாப்பு எனப்படும் பிஎம்எஃப் கட்டாயமாக இருந்தாலும் விலகி நிற்கும். டபிள்யூபிஏ2 மட்டும், பிஎம்எஃப் அணைப்பு என்று வைத்தால் வந்துவிடும். பையின் உள்ளமை வைஃபை சிறியது. பத்துப் பன்னிரண்டு கருவிகளுக்கு மேல் அதில் ஏற்றாதீர்கள்.

பை-ஹோலும் போர்ட் 53 சண்டையும்

பை-ஹோலை நிறுவ அதன் அதிகாரபூர்வத் தளத்தில் ஒற்றை வரிக் கட்டளை உண்டு. அதை ஓட்டுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. ஹாட்ஸ்பாட்டில் முகவரி வழங்குவதற்காக, பையின் இணைப்புகளை நிர்வகிக்கும் நெட்வொர்க்மேனேஜர் தனக்கென டிஎன்எஸ்மாஸ்க் என்ற சிறு சேவையை இயக்குகிறது, அது 10.42.0.1-இல் டிஎன்எஸ்ஸுக்குரிய போர்ட் 53-ஐப் பிடித்துக்கொள்ளும். பை-ஹோலுக்கும் அதே போர்ட் வேண்டும். எது பிந்தி எழுகிறதோ அது விழும். பை-ஹோல் விழுந்தால் அதன் வெப் பக்கத்திலேயே டிஎன்எஸ் ஓடவில்லை என்று சிவப்பில் தெரியும். மற்றது விழுந்தால் அறிகுறி குழப்பமாக இருக்கும்: ஹாட்ஸ்பாட்டே எழாது, அல்லது எழுந்தும் கருவிகளுக்கு முகவரி கிடைக்காது.

தீர்வு இரண்டு வரிதான். நெட்வொர்க்மேனேஜரின் அமைப்புக் கோப்புறைக்குள் “டிஎன்எஸ்மாஸ்க்-ஷேர்டு.டி” என்ற துணைக் கோப்புறை உண்டு. அதில் ஒரு சிறு கோப்பு உருவாக்கி, முதல் வரியில் போர்ட்டை 0 என்றும், இரண்டாம் வரியில் டிஎச்சிபி ஆப்ஷன் 6-க்கு 10.42.0.1 என்றும் கொடுங்கள். முதல் வரி அதன் டிஎன்எஸ் வேலையை நிறுத்தும், முகவரி வழங்கும் வேலை தொடரும். இரண்டாம் வரி கருவிகளிடம் “டிஎன்எஸ் இங்கே இருக்கிறது” என்று சொல்லும். இரண்டாவதை மறந்தால் கருவிக்குத் தன் முகவரி கிடைக்கும், ஆனால் அது கேட்கும் எந்தப் பெயருக்கும் முகவரி கிடைக்காது.

இதன்பின் பை-ஹோலை நிறுவுங்கள். 2025 பிப்ரவரியில் வந்த 6-ஆம் பதிப்பிலிருந்து வெப் சர்வர் அதற்குள்ளேயே இருக்கிறது, பழைய வழிகாட்டிகளில் வரும் லைட்டிபிடி, பிஎச்பி படிகளைத் தாண்டிவிடலாம். தடைப்பட்டியல் சேர்க்கட்டுமா என்று நிறுவும்போது கேட்கும். இப்போதைக்கு வேண்டாம். முதல் ஒரு வாரம் எதையும் தடுக்காமல் பார்க்க வேண்டும், காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

8.8.8.8-ஐ நேரே கேட்கும் கருவிகளை மடக்க, பையில் லினக்ஸின் ஃபயர்வாலான என்எஃப்டேபிள்ஸில் விதி ஒன்று போதும்: ஹாட்ஸ்பாட் பக்கமிருந்து போர்ட் 53-க்குப் போகும் எதையும் பையின் போர்ட் 53-க்கே திருப்பிவிடுவது. யாரைக் கேட்டதோ அவரே பதில் சொன்னதாகக் கருவி நினைத்துக்கொள்ளும், கேள்வி உங்கள் லாகில் விழும். மறையாக்கிய டிஎன்எஸ் போகும் போர்ட் 853-ஐ அடைத்துவிடுங்கள், பெரும்பாலான கருவிகள் 53-க்கு இறங்கி வந்துவிடும். 443 வழியாகப் போகும் டிஎன்எஸ் இந்த விதியில் சிக்காது. அதை என்டாப்-என்ஜியில் 8.8.8.8, 1.1.1.1 போன்ற முகவரிகளுக்குப் போகும் 443 இணைப்பாக அடையாளம் காணலாம்.

இங்கே ஒரு பொறி. பையின் இயங்குதளத்துக்கு அடிப்படையான டெபியனின் என்எஃப்டேபிள்ஸ் அமைப்புக் கோப்பு, இருக்கும் விதிகள் அனைத்தையும் துடைக்கும் வரியோடுதான் தொடங்கும். ஹாட்ஸ்பாட்டுக்கு இணையம் தரும் விதிகளை நெட்வொர்க்மேனேஜர் அதே இடத்தில்தான் வைத்திருக்கிறது. உங்கள் விதியைச் சேர்த்துவிட்டு அந்தச் சேவையை ரீஸ்டார்ட் செய்தால் எல்லாக் கருவிகளும் ஒரே நொடியில் ஆஃப்லைன் ஆகிவிடும். பதற வேண்டாம், ஹாட்ஸ்பாட் இணைப்பை ஒருமுறை அணைத்து ஏற்றினால் அந்த விதிகள் திரும்பிவிடும்.

என்டாப்-என்ஜி

என்டாப் தளத்தின் தொகுப்புக் களஞ்சியத்தில் ராஸ்பெர்ரி பைக்கான பதிப்பு உண்டு. சமூகப் பதிப்பு இலவசம். அமைப்புக் கோப்பில் வைஃபை இன்டர்ஃபேஸை மட்டும் கொடுங்கள். லேன் போர்ட்டையும் சேர்த்தால் ஒரே பேக்கெட் முகவரி மாறுவதற்கு முன் ஒருமுறை, மாறிய பின் ஒருமுறை என்று இரட்டிப்பாக எண்ணப்படும். உள்ளூர் நெட்வொர்க் 10.42.0.0/24 என்று குறிப்பிடுங்கள். லேப்டாப் பிரவுசரில் 192.168.1.50, போர்ட் 3000 என்று போனால் திறக்கும். பயனர்பெயரும் பாஸ்வேர்டும் அட்மின்/அட்மின் என்றுதான் இருக்கும், உடனே மாற்றுங்கள்.

பை-ஹோல் பெயரைச் சொல்லும், என்டாப்-என்ஜி அளவைச் சொல்லும். இரண்டையும் பக்கத்துப் பக்கத்து டேபில் வைத்துப் பார்க்க வேண்டும். சமூகப் பதிப்பில் வரைபடங்கள் சேமிக்கப்படும், ஆனால் தனித்தனி இணைப்புகளின் பழைய விவரம் சேமிக்கப்படாது. நேற்று இரவு 2 மணிக்கு எந்த சர்வருக்குப் போனது என்று துல்லியமாகத் தெரிய வேண்டுமென்றால் பேக்கெட்டுகளையே சேமிக்க வேண்டும். பையிலேயே வயர்ஷார்க்கை ஓட்டி, அதன் கேப்சர் ஆப்ஷன்ஸில் அவுட்புட் டேபில், 100 எம்பிக்கு ஒரு கோப்பு, 20 கோப்புகள் கொண்ட ரிங் பஃபர் என்று கொடுத்தால் 2 ஜிபிக்கு மேல் போகாமல் சுழன்று எழுதிக்கொண்டே இருக்கும். இதை மெமரி கார்டில் எழுத விடாதீர்கள், ஒரு பென் டிரைவோ யுஎஸ்பி எஸ்எஸ்டியோ மாட்டுங்கள்.

படிக்கத் தொடங்குவது

10.42.0.57 யார்? மேக் முகவரியின் முதல் மூன்று பகுதி தயாரிப்பாளரைச் சொல்லும், ஆனால் பல பல்புகளில் அது வைஃபை சிப் செய்த எஸ்பிரெசிஃப் நிறுவனத்தின் பெயரைத்தான் காட்டும். நான்கு பல்பும் இரண்டு பிளக்கும் எஸ்பிரெசிஃப் என்றால் எது எது என்று தெரியாது. ஒவ்வொன்றாக அணைத்து ஏற்றிப் பார்த்து, அந்த நொடியில் எது மறைந்து தோன்றுகிறதோ அதற்குப் பெயர் சூட்டுங்கள், “ஹால் பல்பு”, “மாடி கேமரா” என்று. சலிப்பான வேலைதான். இதைச் செய்யாமல் விட்டால் பிறகு எந்த வரைபடமும் பொருள் தராது.

முதல் வாரம் வழக்கம் எது என்று தெரிந்துகொள்வதற்கு. தடைப்பட்டியலை இப்போதே ஏற்றினால் இந்த வழக்கம் குலைந்துவிடும். பதில் கிடைக்காத கருவி விடாமல் மறுபடி மறுபடி கேட்கும், ஒரு நாளில் நூறு முறை கேட்க வேண்டியது ஆயிரக்கணக்கில் போகும். பை-ஹோலின் முகப்பில் அந்தக் கருவி பெரிய குற்றவாளிபோலத் தெரியும். அந்த எண்ணிக்கையில் பெரும்பகுதி நாம் தடுத்ததால் உண்டானது.

பல பிராண்டுகள் பயன்படுத்தும் டூயா என்ற கிளவுட் தளத்தில் இயங்கும் பல்பு அல்லது பிளக் ஒழுங்காக இருந்தால் இப்படித் தெரியும்: ஏறியதும் ஓரிரு டிஎன்எஸ் கேள்வி, பிறகு போர்ட் 8883-இல் ஒரே ஒரு நீண்ட எம்க்யூடிடி (கருவிகளுக்கான சிறுசெய்தி முறை) இணைப்பு, அதில் “இருக்கிறேன்” என்று சொல்லும் குட்டிப் பேக்கெட்டுகள். உள்ளே, 6666 அல்லது 6667 போர்ட்டில் பிராட்காஸ்ட் போய்க்கொண்டிருக்கும், அது தன்னை உள்ளூர் ஆப்புக்கு அறிமுகப்படுத்தும் முறை, வீட்டைத் தாண்டாது. நாள் முழுக்கக் கூட்டினாலும் ஓரிரு எம்பிக்குள் அடங்கும். ஒரு பல்பு 50 எம்பி அனுப்பினால் அதை உட்கார்ந்து பார்க்கத்தான் வேண்டும்.

கேமராவில் விகிதத்தைப் பாருங்கள். மற்றக் கருவிகள் பெரும்பாலும் வாங்குவது அதிகம், கொடுப்பது குறைவு. கேமரா தலைகீழ். 1080பி வீடியோ நொடிக்கு 1.5 மெகாபிட் என்று வைத்தால் மணிக்கு 675 எம்பி, 24 மணி நேரத்துக்கு 16 ஜிபிக்குச் சற்று மேல். “அசைவு தெரிந்தால் மட்டும்” என்று அமைத்திருக்கும் கேமரா நாளுக்கு 16 ஜிபி அனுப்புகிறது என்றால் அமைப்பு உண்மையில் வேலை செய்யவில்லை. யாரும் பார்க்காதபோது யுடிபி 32100-இல் பல வெளி முகவரிகளுக்குச் சின்னப் பேக்கெட்டுகள் போனால், அது பி2பி எனப்படும் நேரடி வழியில் மொபைலோடு இணைய வழிதேடும் சேவை. வீடியோ போகிறது என்று அதற்கு அர்த்தமில்லை, ஆனால் அந்த முகவரிகள் எந்த நாட்டில், யாருடையவை என்று ஒருமுறை பார்த்து வைப்பது நல்லது. இந்த ஏற்பாட்டால் வரும் ஒரு பிறழ்வையும் சொல்ல வேண்டும்: மொபைல் ரூட்டர் வைஃபையிலும் கேமரா பையின் ஹாட்ஸ்பாட்டிலும் இருந்தால், வீட்டுக்குள்ளேயே முடிய வேண்டிய வீடியோ வெளி சர்வர் வழியாகச் சுற்றிவரலாம். கேமரா வீட்டுக்குள் எப்படி நடந்துகொள்கிறது என்று சோதிக்கும்போது மொபைலையும் ஹாட்ஸ்பாட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஸ்பீக்கருக்கு ஆப்பிலிருந்து பாட்டு அனுப்ப முடியாமல் போவதும் இதே பிரிவினையால்தான், அப்போதும் மொபைலை ஹாட்ஸ்பாட்டுக்குக் கொண்டுவந்தால் ஒன்றை ஒன்று கண்டுகொள்ளும்.

போர்ட் 23, 2323-க்கு ஏதாவது கருவி வெளியே பல முகவரிகளைத் தட்டிக்கொண்டிருந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம், உடனே கழற்றுங்கள். 2016-இல் மிராய் என்ற தீநிரல் பரவியது அப்படித்தான், தொழிற்சாலைப் பாஸ்வேர்டு மாற்றாத கேமராக்களும் டிவிஆர்களும் அதே போர்ட்டுகளில் அடுத்த இரையைத் தேடின. அணைத்து ஏற்றினால் மிராய் நினைவகத்திலிருந்து போய்விடும், பழைய பாஸ்வேர்டோடு திரும்ப இணையத்தில் விட்டால் மறுபடி வரும். பாஸ்வேர்டை மாற்ற முடியாத மாடல் என்றால் அதைத் திரும்ப மாட்டாமல் இருப்பதே சரி. கருவிகள் தாமாகவே வெளியிலிருந்து வழி திறந்துகொள்ள விடும் யுபிஎன்பி-யையும் ரூட்டரில் அணைத்துவிடுங்கள்.

டிவி

டிவியைப் பையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் ஹாட்ஸ்பாட்டில் ஏற்றினால் 4கே படம் திணறும். டிவியின் வைஃபையை அணைத்துவிட்டு, கேபிளை மிரரிங் சுவிட்சுக்குக் கொடுங்கள். சுவிட்சின் 1-ஆம் போர்ட் ரூட்டருக்கு, 2 டிவிக்கு, 5 வயர்ஷார்க் ஓடும் லேப்டாப்புக்கு. சுவிட்சின் வெப் பக்கத்தில் மானிட்டரிங் பகுதியில் போர்ட் மிரரை இயக்கி, 2-இன் உள்வரவு, வெளிச்செலவு இரண்டையும் 5-க்கு நகலெடுக்கச் சொல்லுங்கள். சில பதிப்புகளில் சுவிட்சின் முகவரி 192.168.0.1 என்று வரும், ரூட்டருக்கும் அதே முகவரி என்றால் ரூட்டரைக் கழற்றிவிட்டு முதலில் சுவிட்சின் முகவரியை மாற்றுங்கள்.

டிவியில் தேட வேண்டியது ஏசிஆர். திரையில் ஓடுவதைச் சிறு கைரேகைகளாக மாற்றி அனுப்பி, நீங்கள் என்ன பார்க்கிறீர்கள் என்று கண்டறியும் தொழில்நுட்பம். விசியோ நிறுவனம் 1.1 கோடி டிவிகளில் இதை ஒப்புதல் இல்லாமல் செய்ததற்காக 2017-இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்தோடும் நியூஜெர்சி மாநிலத்தோடும் 22 லட்சம் டாலருக்கு உடன்பாடு செய்துகொண்டது. 2024-இல் லண்டன் யுசிஎல் உள்ளிட்ட பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் எல்ஜி, சாம்சங் டிவிகளின் ட்ராஃபிக்கை அளந்தபோது, எல்ஜியிலிருந்து 15 நொடிக்கு ஒருமுறையும் சாம்சங்கிலிருந்து நிமிடத்துக்கு ஒருமுறையும் கைரேகைகள் போவது தெரிந்தது. டிவியை வெறும் திரையாக எச்டிஎம்ஐயில் பயன்படுத்தும்போதும் அது நடந்தது.

இதை நீங்களே சோதித்துவிடலாம். டிவியை செட்-டாப் பாக்ஸின் எச்டிஎம்ஐக்கு மாற்றி ஏதாவது ஒரு சேனலை ஓட விடுங்கள். இந்த நிலையில் டிவிக்கு இணையமே தேவையில்லை, படம் வருவது பாக்ஸிலிருந்து. 20 நிமிடம் பேக்கெட்டுகளைப் பிடித்துவிட்டு வயர்ஷார்க்கில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ், ஐ/ஓ கிராஃப் என்று திறந்து இடைவெளியை 1 நொடிக்கு வையுங்கள். ஏசிஆர் ஓடினால் சீரான இடைவெளியில் முள்முள்ளாக எழும்பும். அந்த முள் ஒன்றின் மேல் சொடுக்கினால் உரிய பேக்கெட்டுக்குப் போகும், அதை வலது சொடுக்கி “அப்ளை ஆஸ் ஃபில்டர்” கொடுத்தால் அந்த சர்வரோடு நடந்த பேச்சு மட்டும் நிற்கும். டிஎல்எஸ் கிளையன்ட் ஹலோ பேக்கெட்டில் சர்வரின் பெயர் வெளிப்படையாக இருக்கும், எல்ஜியில் “அல்ஃபோன்சோ”, சாம்சங்கில் “ஏசிஆர்” என்ற சொல் பெயரில் வரும். இணைப்பு டிவி ஏறியபோதே தொடங்கியிருந்தால் ஹலோ உங்கள் கோப்பில் இருக்காது. அதனால் பிடிப்பை முதலில் தொடங்கிவிட்டுப் பிறகு டிவியைப் போடுங்கள். அடுத்து டிவியின் அமைப்புகளில் “பார்வைத் தகவல்”, “லைவ் ப்ளஸ்” போன்ற பெயர்களில் இருக்கும் ஒப்புதலை நீக்கிவிட்டு அதே 20 நிமிடச் சோதனையை மறுபடி செய்யுங்கள். அந்த ஆய்வில் ஒப்புதலை விலக்கியதும் ஏசிஆர் சர்வர்களுக்கான பேச்சு நின்றது. உங்கள் டிவியிலும் நிற்கிறதா என்பதற்குச் சான்று இப்போது உங்கள் கையில்.

தடுப்பது

வரிசை இதுதான்: முதலில் கருவியின் சொந்த அமைப்பில் அணைப்பது, அது பலிக்காவிட்டால் பை-ஹோலில் அந்தப் பெயரைத் தடுப்பது, அதுவும் பலிக்காவிட்டால் ஹாட்ஸ்பாட்டில் அந்தக் கருவிக்கு இணையத்தையே நிறுத்துவது. பை-ஹோலில் குரூப் வசதி உண்டு. தடுக்க வேண்டிய கருவிக்கு ஒரு குரூப் உருவாக்கி அதற்கு மட்டும் தடையைப் போடுங்கள், எல்லோருக்கும் போட்டால் பிறகு ஸ்பீக்கர் ஏன் பேசவில்லை என்று தேடி அலைய நேரும். ஐபி முகவரியை வைத்துத் தடுப்பதைத் தவிருங்கள். பல சேவைகள் ஒரே கிளவுட் முகவரிகளைப் பகிர்கின்றன, நாளை அதே முகவரியில் வேறொன்று இருக்கும். ஃபர்ம்வேர் அப்டேட் வரும் சர்வரை எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள். டெலிமெட்ரியும் (பயன்பாட்டுத் தகவல் அனுப்புவது) அப்டேட்டும் ஒரே பெயரில் வரும் கருவியில், அப்டேட்டுக்காக டெலிமெட்ரியைப் பொறுத்துக்கொள்வதே என் பரிந்துரை.

பராமரிப்பில் கவனிக்க வேண்டியது கடிகாரம். பை 4-இல் நேரத்தைக் காக்கும் பேட்டரி கிடையாது. நீண்ட கரண்ட் கட்டுக்குப் பிறகு எழும்போது பழைய நேரத்தில் எழுந்து, இணையத்தில் கேட்டுத் திருத்திக்கொள்ளும். டிஎன்எஸ் பதில்களின் கையொப்பத்தைப் பார்க்கும் டிஎன்எஸ்செக் சரிபார்ப்பைப் பை-ஹோலில் இயக்கி, பையும் தனக்குத் தானே டிஎன்எஸ் கேட்கும்படி வைத்திருந்தால், நேரம் தவறு என்பதால் கையொப்பங்கள் செல்லாமல் போய், நேர சர்வரின் பெயருக்கே முகவரி கிடைக்காமல், நேரம் திருந்தாமலே நிற்கும் அபாயம் உண்டு. பையின் லேன் இணைப்புக்கு மட்டும் ரூட்டரையே டிஎன்எஸ்ஸாகக் கொடுத்துவிட்டால் இந்தச் சுழலுக்கு இடமில்லை. ரூட்டருக்கு வைத்திருக்கும் சிறு யுபிஎஸ்ஸில் 5 வோல்ட், 3 ஆம்பியர் வெளியீடு இருந்தால் பையையும் அதிலேயே மாட்டுங்கள், கார்டுக்கும் அது நல்லது. லாக் எத்தனை நாள் வைப்பது என்பதைப் பை-ஹோலில் 30 நாளுக்குக் குறையுங்கள். விருந்தினர் மொபைலை இந்த ஹாட்ஸ்பாட்டில் ஏற்றாதீர்கள். ஏற்றித்தான் ஆக வேண்டுமென்றால் இங்கே எல்லாம் பதிவாகிறது என்று அவரிடம் சொல்லிவிட்டு ஏற்றுங்கள்.